உள் அட்டையில் நான்கு வரி

இதழ் அலுவலகம்,
ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தத் தீவில் கடல் மட்டம் பார்க்கிற அளவுக் கிணற்றுக்குப் போக நாற்பது படி இறங்க வேண்டும் என்று அண்ணன் ஒருமுறை சொன்னதிலிருந்து எனக்குக் கவலை. அண்ணன் இன்னும் எஞ்சினோடுதான் குடித்தனமா? எனக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்டேன் என்று சொல்லுங்கள்.

இங்கே பெரிய வேலை ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. நம் ஆராய்ச்சி இதழில் அறுபத்தொரு வருடங்களாக வந்த கட்டுரைகள், மொத்தம் 4,312. ஒவ்வொன்றுக்கும் நிரந்தரக் குறியீடு கொடுக்க வேண்டும். டிஓஐ என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்களே, அதுதான். நாளைக்கே இணையதளம் மாறலாம், நிறுவனம் பெயர் மாறலாம், கட்டடமே இடிந்து போகலாம். அந்தக் குறியீட்டைத் தட்டினால் கட்டுரை கிடைத்தே ஆக வேண்டும். அதன் முன்பகுதியைப் பதிவகம் கொடுத்துவிடும். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். ஒருமுறை பதிவானால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

எங்கள் முதன்மை ஆசிரியரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் சொல்கிறார்: "குறியீட்டப் பாத்த உடனே கட்டுரையோட முழு விவரமும் தெரியணும்." நிறுவனத்தின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம், முதல் ஆசிரியரின் பெயர் எழுத்துகள், எல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே வேலையையும் வீட்டு முகவரியையும் சேர்த்து வைப்பார்களா, அண்ணி? எனக்கு ஒரு அர்த்தமும் இல்லாத, குட்டியான, யார் வாசித்தாலும் தப்பாத குறியீடு வேண்டும். நீங்கள் தினமும் ரேடியோவில் துறைமுகத்துக்கு நீர்மட்டம் வாசிக்கிறவர். இரைச்சலில் எந்த எழுத்துகள் தப்பிப் பிழைக்கின்றன என்று எழுதுங்கள்.

இன்னொன்று. எல்லாத் துறைமுகங்களுக்கும் பொதுவாக நீர்மட்ட வழிகாட்டி தயாரிக்கும் குழு எங்களுக்கு எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கட்டுரை ஒன்றை, மழைக்காலத்தில் அளவுக் கிணறு ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று விளக்குவதை, அவர்கள் அந்த வழிகாட்டியின் அடிப்படையாக வைக்கிறார்களாம். "உங்கள் பழைய துறைத்தலைவரின் புகழ்பெற்ற கட்டுரை" என்று எழுதி, குறியீடு கேட்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். துறைத்தலைவர் பெயருக்கு அடுத்து இரண்டாவதாக உங்கள் பெயர். பதினெட்டு வருடமாக இந்த வீட்டு மருமகள், ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


தீவு நிலையம்,
பிப்ரவரி 2

என் அருமை நாத்தனாருக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால் படி இறங்கும்போது மட்டும் என்னோடு பேசுகிறது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி. மருந்துக் கடைக்காரரை நம்பாதே. உன் அண்ணனும் நலம். ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். மீண்டும் பூட்டும்போது மூன்று திருகாணி மிச்சம் இருந்ததாம். எஞ்சின் ஓடுகிறதே, பிறகென்ன என்கிறார்.

எழுத்துகள் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த இரண்டு வாரமும் துறைமுக ரேடியோக்காரரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். பி, சி, டி, ஜி, வி எல்லாம் ஒரே குடும்பம். கூட்டத்தில் யார் யாரென்று தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டு பி, இரண்டு டி வேறு. அந்தக் குடும்பத்தையே வெளியே அனுப்பு. எம், என் இரண்டில் ஒன்று போதும். எஃப், எஸ் அப்படித்தான். ஓ எழுத்தும் சுழியமும், ஐ, எல் எழுத்துகளும் ஒன்று என்ற எண்ணும் காதுக்கு வேறாகக் கேட்டாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், அவற்றையும் எடுத்துவிடு. உயிரெழுத்துகளும் வேண்டாம். தானாகவே ஏதாவது கெட்ட வார்த்தை விழுந்துவிட்டால் அதையும் மாற்ற முடியாது அல்லவா? மிஞ்சுவது பதினோரு எழுத்து, எட்டு எண். ஆறு இடம் வைத்தால் உங்கள் 4,312க்கு மட்டுமல்ல, உன் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் போதும். ஆறாவது இடத்தைக் காவலுக்கு வை. முன்னால் உள்ள ஐந்திலிருந்து கணக்குப் போட்டு வருகிற எழுத்தாக அது இருக்கட்டும். யாராவது ஒன்றைத் தப்பாக அடித்தால் கணக்கு இடிக்கும், பிடித்துவிடலாம். நாங்கள் நீர்மட்ட எண்களை அப்படித்தான் அனுப்புகிறோம். பட்டியல் தனித் தாளில் இருக்கிறது.

கட்டுரை பற்றிக் கேட்டிருந்தாய். பழைய கதை. இங்கே ஒரு வாரமாக நல்ல மழை.

அன்புடன்,
அண்ணி

(உறையின் பின்புறம், பென்சிலில், வேறு கையெழுத்து:)
கை தேயவில்லை. அவள் சொல்ல மாட்டாள். அட்டையைக் கேள். – அண்ணன்


இதழ் அலுவலகம்,
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் ஓடிவிட்டது. வெந்நீருக்குத்தான் அந்தப் பெருமை என்று ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் அந்த மழையில் நனையாமல் இருக்கிறீர்களா?

உங்கள் பட்டியல் தங்கம். கணினிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இவங்க எந்தப் பல்கலைக்கழகத்துல இருக்காங்க?" என்று கேட்டார். நாற்பது படிக்குக் கீழே என்றேன்.

திங்கட்கிழமை கூட்டம். முற்றுப்புள்ளி தன் மாதிரிக் குறியீட்டைப் பலகையில் எழுதினார். இருபத்தேழு எழுத்து, நடுவில் நான்கு கோடு, இரண்டு புள்ளி. எழுதி முடிக்க அவருக்கே இரண்டு முறை அழிக்க வேண்டியிருந்தது. நான் இன்டர்காமை எடுத்து, கீழே அச்சுக்கூட மேஸ்திரியிடம் இரண்டையும் வாசித்தேன். அவர் எழுதி மேலே அனுப்பினார். இருபத்தேழில் மூன்று தப்பு. என்னுடைய ஆறும் சரி. "எதுக்கு வாசிக்கணும்? தட்டச்சு பண்ணட்டும்" என்றார் முற்றுப்புள்ளி. நான் நிறுவனத்தின் பெயர் இதுவரை மூன்று முறை மாறியிருப்பதை நினைவுபடுத்தினேன். "எழுதினவனுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. அவன் பேரு அதுல இருக்கணும்" என்றார். நல்ல எண்ணம்தான், அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. முடிவு மே 16க்குத் தள்ளிப்போனது. அந்த மாதக் கடைசியில் எல்லாம் பதிவாகிவிடும்.

அண்ணன் அட்டை என்கிறாரே, என்ன அட்டை? அந்த ஆண்டுத் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அதில் அட்டையே கிடையாது. பைண்டிங் செய்யும்போது ஒவ்வொரு இதழின் அட்டையையும் வெட்டி எறிந்துவிடுவார்களாம், தொகுதி தடிமனாகிவிடும் என்று. என்ன விஷயம், அண்ணி?

உங்கள் நாத்தனார்


தீவு நிலையம்,
மார்ச் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். உன் நலமறிந்து மகிழ்ச்சி.

கிணற்றைச் சுத்தம் செய்கிற வாரம் இது. பாசி நிறைய. உன் அண்ணனுக்கு வேலை குறைந்துவிட்டது போலிருக்கிறது, உறைகளின் மேல் கிறுக்க நேரம் கிடைக்கிறது. நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அட்டையை விட்டுவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆசிரியரின் திட்டப்படி, முதல் ஆசிரியரின் பெயர் எழுத்துகள் குறியீட்டிலேயே வந்துவிடுமா? பிறகு மாற்றவே முடியாதா?

அண்ணி


இதழ் அலுவலகம்,
மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் நான் கேட்பேன். எப்படி இருக்கிறது?

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், வந்துவிடும். மாற்றவே முடியாது. கட்டுரையின் விவரப் பதிவில் ஆசிரியர் பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். குறியீட்டைத் திருத்த முடியாது. அவர் திட்டம் நிறைவேறினால் அந்தக் கட்டுரையின் குறியீடு துறைத்தலைவரின் மூன்று எழுத்துகளில் முடியும். எல்லாத் துறைமுக வழிகாட்டியிலும் அப்படியே அச்சாகும்.

நீங்கள் எதையும் இரண்டு முறை கேட்கிறவர் இல்லை. ஒரு முறை கேட்டதே எனக்குப் போதும். அந்த ஆண்டின் பொருளடக்கத்தை வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது இதழில் 88ஆம் பக்கத்தில் கட்டுரை. நான்காவது இதழில், கடைசி வரியில், பொடி எழுத்தில்: "திருத்தம் – உள் அட்டை." அவ்வளவுதான். அந்த உள் அட்டை எங்கள் நூலகத்தில் இல்லை. வேறு மூன்று நூலகங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். மூன்றிலும் பைண்டர் வெட்டிவிட்டார். உலகத்தில் எல்லா பைண்டரும் ஒரே கத்தியை வைத்திருப்பார்கள் போல.

உங்களிடம் அந்த இதழ் அட்டையோடு இருக்கிறதா? காரணம் கேட்க மாட்டேன். ஆம், இல்லை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


இதழ் அலுவலகம்,
ஏப்ரல் 22

அண்ணிக்கு,

நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் இரண்டு படகு வந்து போய்விட்டது, கடிதம் இல்லை. துறைமுக அலுவலகத்தில் விசாரித்தேன். தினமும் காலை சரியான நேரத்துக்கு நீர்மட்டம் வாசிக்கிறீர்களாம், குரல் தெளிவாக இருக்கிறதாம். ஆகக் கடலோடு பேசுகிறீர்கள், என்னோடுதான் இல்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். பொய் எழுத வரவில்லை. கோபம்தான். வழிகாட்டிக் குழு மறுபடியும் எழுதிவிட்டது. இந்த முறை துறைத்தலைவரின் புகைப்படம் கேட்கிறார்கள், முதல் பக்கத்தில் போடுவதற்கு. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கூட்ட அறைச் சுவரில் தொங்குகிற படத்தைக் கழற்றிப் பிரதி எடுக்க ஆள் வந்துவிட்டான். நான் "மே பதினாறுக்கு அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பினேன். எந்த தைரியத்தில் அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் எழுதாவிட்டால் நான் கூட்டத்தில் வெறும் கையோடு போய் உட்காருவேன். அதையும் செய்வேன்.

நாத்தனார்


தீவு நிலையம்,
மே 4

என் அருமை நாத்தனாருக்கு,

முதலில் நலம். முழங்கால் வீங்கி வடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டது நியாயம்தான். என்னோடு யாராவது கோபித்துக்கொண்டு வெகு நாளாகிவிட்டது, படித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

இத்துடன் பொட்டலம் இருக்கிறது. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து உன் அண்ணன் கட்டியிருக்கிறார். பிரிக்க உனக்கு ரம்பம் தேவைப்படலாம். உள்ளே நான்காவது இதழ், அட்டையோடு. நான்கு வரி. உனக்காக இங்கேயே எழுதிவிடுகிறேன்: "சென்ற இதழின் 88ஆம் பக்கக் கட்டுரைக்கு, இரண்டாவதாகக் குறிப்பிடப்பட்டவரே ஒரே ஆசிரியர். துறைத்தலைவரின் பெயர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. வருந்துகிறோம்."

இரண்டு மழைக்காலம் ஆற்று முகத்துவாரத்துக் கிணற்றருகே நின்று எடுத்த அளவுகள் அவை. நன்னீர் உப்புநீரைவிட லேசு. மழை பெய்தால் கிணற்றுக்குள் நன்னீர் நின்றுவிடும். அதனால் உள்ளே மட்டம் வெளியே கடலைவிட இரண்டு விரல் உயர்ந்து நிற்கும். இருக்கிற ஆழத்தைவிட அதிகம் இருப்பதாக நினைத்துக் கப்பல் உள்ளே வரும், அடி தட்டும். அதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தேன். எழுதித் துறைத்தலைவர் வழியாக அனுப்பினேன், அதுதான் விதி. அச்சில் வந்தபோது அவர் பெயர் முன்னால் இருந்தது. கேட்டேன். "அச்சுப் பிழைம்மா" என்றார். நானும் அச்சுப் பிழை என்றே வைத்துக்கொண்டேன். திருத்தம் கேட்டு நான்கு முறை எழுதிய பிறகு அந்த நான்கு வரி வந்தது. அதோடு துறையில் என்னோடு பேச்சு நின்றுபோனது. பேராசைக்காரி என்று பெயர். தீவுக்கு ஆள் தேவை என்றார்கள், நான் கை தூக்கினேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த இதழ் இருக்கிற பெட்டியைத் திறந்தால் மறுபடி கேட்க வேண்டி வரும். கேட்டால் மறுபடி அட்டையில் போடுவார்கள். அந்தப் பயம்தான், வேறில்லை. ஏப்ரல் முழுவதும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன், எழுந்து போனேன். உன் கடைசிக் கடிதத்தில் "அதையும் செய்வேன்" என்று இருந்தது. வெறும் கையோடு உன்னை அனுப்ப மனம் வரவில்லை.

எனக்கு அந்தக் கட்டுரை வேண்டும். இதை வாய்விட்டு எழுதிவிட்டேன்.

அண்ணி


இதழ் அலுவலகம்,
மே 17

என் அண்ணிக்கு,

நலம், நலம், நலம். ரம்பம் தேவைப்படவில்லை, சுத்தியல் போதுமாக இருந்தது. அண்ணனிடம் சொல்லுங்கள், இரண்டு ஆணி வளைந்துவிட்டது.

நேற்றுக் காலை பத்து மணி. கூட்ட அறையில் ஏழு பேர், சுவரில் துறைத்தலைவர் எட்டாவது. முற்றுப்புள்ளி தன் திட்டத்தை அழகாகத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். உதாரணமாக அவர் எடுத்திருந்ததே அந்த 88ஆம் பக்கக் கட்டுரைதான், வழிகாட்டிக் குழு கேட்டதாயிற்றே. இருபத்தேழு எழுத்து, கடைசி மூன்று துறைத்தலைவருடையது.

நான் இதழை அவர் முன்னால் வைத்து அட்டையைத் திருப்பினேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.  பிறகு சொன்னார்:

"இது நான் போட்டது."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "அப்போ நான் இங்க மெய்ப்பு பாத்துட்டிருந்தேன். உள்ள இடம் இல்ல, திருத்தத்த எங்க போடறதுன்னு அச்சுக்கூடத்துல கேட்டாங்க. அட்டையில போடுங்கன்னு சொன்னேன். பைண்டர் அட்டையக் கிழிச்சிடுவான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அன்னிக்குத் தோணல. தோணவே இல்ல. அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"தீவு நிலையத்துல சார். எங்க அண்ணி."

"ஏம்மா, நாலு மாசமா எங்கிட்ட சண்டை போடறியே, இத ஏன் மொதல்லயே காட்டல?"

"மூணு நாள் முன்னாடிதான் சார் கைக்கு வந்துச்சு. அவங்க மறுபடி கேக்கறதுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

அண்ணி, அந்த மனிதர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். தன் திட்டத்தின் மேல், மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டார். "பேர குறியீட்டுல வச்சா மரியாதைன்னு நெனச்சேன். தப்பான பேர வச்சா அத யாரு கழட்டறது?" என்றார். உங்கள் ஆறு எழுத்துத் திட்டத்தின் கீழே கையெழுத்திட்டு, பெயருக்குப் பின்னால் வழக்கம்போல ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். இந்த முறை அது நம் பக்கம் விழுந்தது.

மாதக் கடைசி வரை அவர் காத்திருக்கவும் இல்லை. கணினிக்காரரைக் கூப்பிட்டு, "மொத எண்ட்ரி இதுதான். இப்பவே" என்றார். எல்லோரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றோம். 4,312 கட்டுரைகளில் முதலாவதாகப் பதிவானது உங்களுடையது. k7r4w2. கடைசி 2 உங்கள் காவல்காரன், கணக்குச் சரியாக வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், அது உங்கள் பெயர். அந்த நான்கு வரித் திருத்தத்துக்கும் தனிக் குறியீடு கொடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டோம். ஒன்றைத் திறந்தால் மற்றொன்றும் தெரியும். இனி எந்த பைண்டர் வந்தாலும் வெட்ட முடியாது.

வழிகாட்டிக் குழுவுக்கு முதன்மை ஆசிரியரே கைப்பட எழுதினார். புகைப்பட ஆள் மறுபடி வந்தான். சுவரில் இருப்பவரின் படம் தேவையில்லை என்று சொல்லி, உங்கள் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். அதில் அண்ணன் நிற்கிற பாதியை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். கோபப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

எல்லோரும் போன பிறகு காலி அறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

உங்கள் நாத்தனார்


தீவு நிலையம்,
செப்டம்பர் 14

என் அருமை நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மே மாதக் கடிதத்துக்கு நான் அனுப்பிய ஒரு வரிப் பதிலுக்கு மன்னித்துவிடு. அப்போது அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. கடிதத்தை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று உன் அண்ணனைக் கேள். மடிப்பு கிழிந்து, அவர் நாடா ஒட்டிக் கொடுத்தார்.

நேற்றுக் காலை வழக்கம்போல ரேடியோவைத் திறந்தேன். மழை இரைச்சல், எதிரே துறைமுக ரேடியோக்காரர். நீர்மட்டம் கேட்பதற்கு முன் அவர் சொன்னார்: "மேடம், புது வழிகாட்டி வந்திருக்கு. மழைக்காலத்துல கிணத்து அளவத் திருத்தணுமாம். ஆதாரம்னு ஒரு குறியீடு போட்டிருக்கான். நோட் பண்ணிக்கோங்க. கே, ஏழு, ஆர், நாலு, டபிள்யூ, ரெண்டு."

அந்த இரைச்சலிலும் ஒவ்வொன்றும் தெளிவாக வந்து விழுந்தது. நான் எழுதிக்கொள்ளவில்லை. "தெரியும்" என்றேன்.

"தெரியுமா? படிச்சிருக்கீங்களா?"

"எழுதினதே நான்தான்."

அவர் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. என் பெயரைத் தேடிப் பார்த்திருப்பார். பிறகு, எல்லா நிலையங்களும் கேட்கிற பொது அலைவரிசைக்கு மாறி, என் பெயரைச் சொல்லி, "இந்தத் திருத்தத்தக் கண்டுபிடிச்சவங்க நம்ம தீவு நிலையத்துலதான் இருக்காங்க. இருபது வருஷமா தினமும் காலையில நம்மகிட்ட பேசிட்டிருக்காங்க" என்று அறிவித்தார்.

அந்த அலைவரிசையில் வெட்டிப் பேச்சுக்கு அனுமதி இல்லை, உனக்குத் தெரியாது. அதனால் யாரும் பேசவில்லை. பேசும் பொத்தானை மட்டும் அழுத்தி விட்டார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். ஒன்று, இரண்டு என்று வரிசையாக வந்தது. எண்ணினேன். என்னைத் தவிர இந்தக் கரையில் பத்து நிலையங்கள்தான். எனக்குப் பதினொன்று கேட்டது. யாரோ இரண்டு முறை அழுத்தியிருக்க வேண்டும்.

பிறகு அன்றைய நீர்மட்டத்தை வாசித்தேன். என் கணக்குப்படி திருத்தித்தான் வாசித்தேன்.

அடுத்த படகில் வருகிறோம், இருபது நாள் விடுப்பு. அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்து ஆறு எழுத்தையும் நானே தட்ட வேண்டும். உன் முதன்மை ஆசிரியரையும் பார்க்க வேண்டும், சண்டைக்கு அல்ல.

அன்புடன்,
அண்ணி

(உறையின் பின்புறம், பென்சிலில்:)
பதினொன்றாவது நான். எஞ்சின் அறையிலும் ஒரு ரேடியோ செட் இருக்கிறது. அவளிடம் சொல்லாதே. – அண்ணன்